மாடிப்படிக்குக் கீழே 3 அடி ஆழமான இடம்: அலுமாரி எப்பிடி அடிக்கிறது?

இணுவிலான்

வணக்கம். படிக்கட்டுக்குக் கீழ் உள்ள இடம் வீடு கட்டின நாளில் இருந்து சும்மா கிடக்கு. கால் போன கதிரை, பழைய பேப்பர், தேங்காய்ச் சாக்கு எல்லாம் அதுக்குள்ளதான். அந்த இடத்துக்கு அளவாக ஒரு அலுமாரி அடிக்க யோசிக்கிறம். அளவுகள் இவை:

படி ஏற்றம் 7 அங்குலம், மிதி 10 அங்குலம். லாண்டிங் (படிக்கு இடையில் வாற தளம்) வரைக்கும் 10 ஏற்றம். படிக்கட்டின் அகலம் 3 அடி. சரிவின் கீழ் கூடின உயரம் 4 அடி 8 அங்குலம். லாண்டிங்குக்குக் கீழே 5 அடி 4 அங்குலம், அந்தப் பக்கம் திறந்துதான் இருக்கு, சைக்கிள் விடுறம். ஒரு பக்கம் வெளிச்சுவர். மாரியில் அதின்ர அடியில் ஒரு முழ உயரத்துக்கு ஊறல் பிடிக்குது. மற்றப் பக்கம் விறாந்தையைப் பார்த்தது. தரை டைல்ஸ்.

விறாந்தைப் பக்கம் மூண்டு கதவு போட்டு உள்ளுக்குத் தட்டு அடிக்கலாம் எண்டு ஓடாவி சொல்லுறார். எம்.டி.எப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போட்டால் மலிவு எண்டும் சொல்லுறார். கறையான் பயமும் இருக்கு. மேலதிகக் காஸ் சிலிண்டரையும் அதுக்குள்ள வைக்கலாமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மூலைமட்டம்

சரிவை எல்லாரும் பெரிசா யோசிப்பினம். உங்கட இடத்தில் பிரச்சினை சரிவு இல்லை, ஆழம். 3 அடி ஆழத்துக்கு முன்பக்கம் கதவு போட்டால் பின்னுக்கு வைச்ச சாமானை எடுக்க முழங்காலில் இருந்து தலையை உள்ளுக்கு விடவேணும். கொஞ்ச நாளில் முன் ஒரு அடிதான் பாவனையில் இருக்கும், மிச்சம் கரப்பானுக்கு.

அதனால் கதவை விட்டுட்டு, முழுசா வெளியில் வாற சில்லுப் பூட்டின லாச்சி (இழுப்பறை) போடுங்கோ. இழுக்கிற திசை சரிவுக்குக் குறுக்கே வாறதால் லாச்சி மேலே எங்கையும் முட்டாது. கடைகளில் வழமையாக் கிடைக்கிற பந்துச் சனல் (லாச்சி ஓடுற இரும்பு வழி) 24 அங்குலத்தோட நிண்டுடும், உங்கட ஆழத்துக்குக் காணாது. தரை டைல்ஸ் எண்டபடியால் சனலே தேவையில்லை, தரையில் ஓடவிடலாம்.

உங்கட அளவை வைச்சுக் கணக்குப் பார்த்தால், முதல் ஏற்றத்தில் இருந்து 30 அங்குலம் உள்ளுக்குப் போன இடத்தில் சரிவின் கீழ் உயரம் ஏறக்குறைய 14 அங்குலம். பிறகு ஒவ்வொரு 20 அங்குலத்துக்கும் 14 கூடும். 50 இல் 28, 70 இல் 42, 90 இல் 56. முதல் 30 அங்குலத்தை விட்டிடுங்கோ. அதுக்குள்ள ஒண்டும் உருப்படியா வைக்கேலாது. கழற்றக்கூடிய ஒரு பலகையால் மூடினால் கறையான் பார்க்கவும் உதவும்.

மிச்ச 60 அங்குலத்தை 20, 20, 20 ஆப் பிரியுங்கோ. பதிவான பகுதியும் நடுப்பகுதியும் இழுக்கிற லாச்சி. உயரமான மூண்டாவது பகுதியை விறாந்தைப் பக்கம் நிரந்தரமா மூடிப்போட்டு, லாண்டிங் பக்கத்தில் இருந்து திறக்கிற அலுமாரி ஆக்குங்கோ. அப்ப அதின்ர ஆழம் 20 அங்குலம், வாய் 33 அங்குலம். கதவு இரண்டும் நேர்ச் சதுரமா வரும், சரிச்சு வெட்டுற வேலையே இல்லை. சைக்கிளைத் தள்ளிப்போட்டுத் திறக்கவேணும் எண்டதுதான் குறை. பொங்கல் பானை, சூட்கேஸ் மாதிரி எப்பவாவது எடுக்கிற சாமானை அங்க வையுங்கோ.

ஓடாவி விறாந்தைப் பக்கம் கதவுதான் எண்டு நிண்டால், பிணைச்சல் உயரமான பக்கத்தில் வரவேணும் எண்டு சொல்லுங்கோ. பதிவான பக்கத்தில் வைச்சால் இரண்டு பிணைச்சலும் கிட்டக்கிட்ட வந்து, கதவின்ர பாரம் எல்லாம் தூரத்தில் தொங்கி மூக்குக் குத்தும்.

பலகைக் கணக்கு, 8 க்கு 4 அடித் தாளில்:

18 மி.மீ. பிளைவூட் 3 தாள். முதல் தாளில் 33 அங்குல அகலத்துக்கு ஒரு நீளத் துண்டு எடுத்து 14, 28, 42 எண்டு வெட்டினால் நிற்பாட்டுற பலகை மூண்டும் வந்திடும் (மேல் விளிம்பைச் சரிவுக்கு ஏற்றமாதிரி பிறகு சீவுறது). இரண்டாம் தாளில் 20 அங்குல அகலத்தில் இரண்டு நீளத் துண்டு. ஒண்டில் உயரமான பகுதியின் முகப்பு, அது 56. மற்றதில் இரண்டு லாச்சி முகப்பையும் சரிவோட சரிவு பொருந்த ஒண்டைத் தலைகீழா அடுக்கினால் அதுவும் 56 இல் அடங்கும். இரண்டு துண்டின்ர அடியிலும் லாச்சிக்கான 18 க்கு 32 அடிப்பலகை ஒவ்வொண்டு. மூண்டாம் தாள் அலுமாரிக் கதவுக்கும் தட்டுக்கும்.

12 மி.மீ. ஒரு தாள் லாச்சிப் பக்கங்களுக்கு. பதிவான லாச்சியின் ஒரு பக்கம் 9, மறுபக்கம் 22 அங்குலம் உயரம். நடு லாச்சி 23 உம் 36 உம். நாலும் கூட்டினால் 90, நீளம் 32, ஒரு தாளில் அடங்கும். மிஞ்சுற 16 அங்குல நீளத் துண்டில் முன், பின் பலகை. உயரத்தை இன்னும் கூட்ட ஆசைப்படவேண்டாம். 2 அங்குலச் சில்லு, அதின்ர தட்டோட சேர்ந்து இரண்டரைக்கு மேல் வரும், அடிப்பலகை முக்கால், மேலே சரிவுச் சட்டம் ஒரு அங்குலத்துக்கு மேல் தின்னும்.

சில்லு நாலும் திரும்பாத வகையா இருக்கவேணும். திரும்புற சில்லுப் போட்டால் லாச்சி வாலை ஆட்டிக்கொண்டு வந்து பக்கப் பலகையைச் சுரண்டும். கடின நைலோன் வேண்டாம், ரப்பர் அல்லது பொலியூரதேன், ஒண்டு 40 கிலோ தாங்கிறது.

மேல் வரைச் சட்டம் அடிக்க முதல் அச்சு எடுங்கோ. 7 க்கு 10 எண்டால் 35 பாகை எண்டு கணக்கு சொல்லும், பூச்சு அப்பிடிச் சொல்லாது. 6 அங்குலத்துக்கு ஒருக்கா, முன்னாலும் பின்னாலும் உயரம் எடுத்து, குறைஞ்சதை வைச்சு வெட்டுங்கோ. சரிவுக்கும் பலகைக்கும் இடையில் 10 மி.மீ. விட்டு, கடைசியில் மெல்லிய சட்டம் ஒண்டைப் பூச்சின் வளைவுக்கு ஏற்றமாதிரிச் சீவி மூடினால் காணும்.

சுண்ணக்கல்

மேலே சொன்ன அமைப்பு நல்லது. ஆனால் அந்தச் சுவரைச் சரிசெய்யாமல் ஒரு பலகையும் உள்ளே போகக்கூடாது.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2 அடிச் சதுரப் பொலித்தீன் ஒன்றை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் காற்றின் ஈரம். ஒரு முழ உயரம் என்கிறீர்கள் என்பதால் முதலாவதாகத்தான் இருக்கும். வெளியே போய்ப் பாருங்கள். பூமரம் வைக்க மண் போட்டு அத்திவார மட்டத்துக்கு மேல் உயர்த்தியிருக்கிறதா, பீலித் தண்ணீர் அந்த இடத்தில் விழுந்து தெறிக்கிறதா என்று பார்க்கவேண்டும். அநேகமாக இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். உள்பக்கம் எனாமல் பூசி மறைக்காதீர்கள். அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்புப் பூத்திருந்தால் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்புக் கரைந்து திரும்பச் சுவருக்குள் போய்விடும்.

சுவருக்கும் அலுமாரிக்கும் இடையில் 2 அங்குலம் விடுங்கள். 3 அடியில் 33 அங்குலம் என்று மூலைமட்டம் கணக்குப் போட்டிருப்பதில் அதற்கு இடம் இருக்கிறது. முகப்பின் அடியிலும் மேலேயும் காற்றுத் துளை வேண்டும். ஒன்று மட்டும் வைத்தால் காற்று ஓடாது. துளைக்குப் பின்னால் 6 மி.மீ. இலும் சிறிய கண் உள்ள வலை அடியுங்கள், சுண்டெலி நுழைய அதற்கு மேல் இடைவெளி தேவையில்லை.

நிற்கும் பலகைகள் நேரே தரையில் நிற்கக்கூடாது. எங்கள் வீடுகளில் தரையைத் துடைப்பதை விட வாளியால் ஊற்றிக் கழுவுவதுதான் கூட. பிளைவூட்டின் வெட்டு விளிம்பு அந்தத் தண்ணீரைக் குடித்து, படை படையாக விரியும். எம்.டி.எப். என்றால் ஒரு மாரி போதும், அடி ஊதிவிடும், பிறகு திரும்பாது. விளிம்புக்கு இரண்டு கை எபொக்சி அல்லது எனாமல் கொடுத்து, அடியில் ஓர் அங்குலக் கிரனைட் துண்டு வைத்து நிறுத்துங்கள்.

கறையான் விடயத்தில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. மருந்து ஏற்றிய பலகையைக் கறையான் தின்னாது, அவ்வளவுதான். அதன் மேல் மண் புற்றுக் கட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் புடவைக்கும் புத்தகத்துக்கும் போவதை அது தடுக்காது. வழியை அடைக்கவேண்டும். அலுமாரி வைக்க முதல், சுவரும் தரையும் சேரும் மூலை நெடுக 300 மி.மீ. க்கு ஒன்றாக 12 மி.மீ. துளையிட்டு, துளைக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் வீதம் மருந்துக் கரைசல் செலுத்தி அடைப்பதுதான் வழமையான முறை. பைபென்த்ரின், இமிடாகுளோபிரிட் போன்றவை பாவிப்பார்கள். பயிற்சி உள்ளவரைக் கொண்டு செய்யுங்கள். கிணறு எவ்வளவு தூரம் என்பதை முதலே அவருக்குச் சொல்லுங்கள். எங்கள் நிலம் சுண்ணக்கல். மேலே ஊற்றுவது வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு வெகு சீக்கிரம் போய்ச் சேரும். கிணறு கிட்ட என்றால் மருந்தை விட்டுவிட்டு, வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து மாதம் ஒருமுறை பார்ப்பது மேல். கழிவு ஒயில் பூசும் பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவரவேண்டாம். மணம் போகாது, மேலே பெயின்ற் பிடிக்காது, உடம்புக்கும் கூடாது.

படிக்கட்டின் அடிமுகத்தில் துளைபோட்டு எதையும் தொங்கவிடாதீர்கள். கீழ் முகத்தில் இருந்து 20, 25 மி.மீ. உள்ளே பிரதான கம்பி ஓடுகிறது. துளை அதைத் தொட்டால் கடற்காற்று உள்ள ஊரில் துரு அங்கிருந்துதான் தொடங்கும். அலுமாரியைத் தரையிலும் பக்கச் சுவரிலும் மட்டும் பிடியுங்கள்.

காஸ் சிலிண்டர்: வேண்டவே வேண்டாம். அந்த வாயு காற்றை விடப் பாரம், கசிந்தால் அடைத்த இடத்தின் அடியில் தங்கும். மேல்மாடியில் இருப்பவர்கள் இறங்கிவர உள்ள ஒரே வழி அதற்கு மேலே. இன்வேட்டர் பற்றரியும் அப்படித்தான், மின்னேறும்போது ஐதரசன் விடும்.

பனங்கூடல்

மரத்தைப் பற்றி ஒருத்தரும் பேசேல்லை, அதால் ஒரு வார்த்தை.

முகப்புக்கும் சட்டத்துக்கும் வேம்பு இருக்கேக்க தேக்கு தேடி அலையத் தேவையில்லை. வேம்பின் வைரத்தை, அதாவது உள்ளுக்குள்ள கடின மரத்தை, கறையான் லேசில் தொடாது. ஆனால் வெளிறை (வெளிப்புற மென்மரம்) நீக்கி அறுத்ததா எண்டு பார்த்து எடுக்கவேணும், வெளிறு இருந்தால் உளுக்கும். வேம்பில் நார் ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பும், சீவுளி பிடுங்கும். கூரான அலகு, மெல்லிய சீவல், கடைசியில் அரத்தாள். ஆணி நேரே அடிச்சால் வெடிக்கும். 4 மி.மீ. ஸ்குறூவுக்கு 3 மி.மீ. துளை முதல் போடுங்கோ.

மரக்காலையில் பச்சையா அறுத்த பலகையைக் கொண்டுவந்து நேரே வேலை தொடங்கிறதுதான் எங்கட ஊரில் அலுமாரி கோணுறதுக்கு முதற் காரணம். ஈரம் 12 முதல் 15 சதவீதத்துக்கு வரவேணும். ஓர் அங்குலப் பலகையை நிழலில், இடையில் கட்டை வைச்சு அடுக்கி, மாதக் கணக்கில் விடோணும். அதுக்குப் பொறுமை இல்லாட்டி பழைய வீடு பிரிச்ச மரம் வாங்குங்கோ. அது ஏற்கனவே காய்ஞ்சு இறுகினது. ஆனால் காந்தம் ஒண்டைக் கொண்டுபோய் நெடுக ஓட்டிப் பாருங்கோ. உள்ளுக்குள்ள முறிஞ்ச ஆணி ஒண்டு இருந்தால் வாளின் பல்லுப் போயிடும்.

பனை கேட்பினம், அதுவும் சொல்லுறன். கூரைக்கு வளைமரமா, சிலாகையா நல்ல சாமான். அலுமாரியில் சரிவுச் சட்டம், கைபிடி, லாச்சிக்குக் கீழ் ஓடுற வழிக்கட்டை போன்றதுக்கு மட்டும் எடுங்கோ. வெளிப்புறக் கறுப்பு நார்தான் வைரம், உள்ளுக்குப் போகப் போகச் சோறு மாதிரி. அகலப் பலகை எதிர்பார்க்கேலாது. நார் வாளைச் சீக்கிரம் மழுக்கும், சிலாம்பு கையில் ஏறும், குறுக்கே வெட்டேக்க இரண்டு பக்கமும் டேப் சுத்தி வெட்டினால் பிய்யாது. காணியில் நிக்கிற மரத்தைத் தறிக்க யோசிச்சால், பெண் பனைக்கும் பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேணும். பிரதேச செயலகத்தில் விசாரிச்சுப்போட்டுக் கைவையுங்கோ.

இணுவிலான்

எல்லாருக்கும் நன்றி. காஸ் யோசனையை விட்டாச்சு. வெளியில் பார்த்தன், பூமரத்துக்குப் போட்ட மண் சுவரில் அரை அடிக்கு மேல் ஏறித்தான் நிக்குது.

இரண்டு கேள்வி. முகப்பு மூண்டையும் பிளைவூட் இல்லாமல் ஒரே வேப்பம் பலகையில் செய்யலாமோ? மற்றது, விறாந்தைத் தரை முற்றத்துப் பக்கம் சரிவு. லாச்சி தானா ஓடி வெளியில் வருமோ?

மூலைமட்டம்

20 அங்குல அகலத்தில் ஒட்டின முழுப் பலகை போட்டால் சோளகம் அடிக்கிற மாதங்களுக்கும் கார்த்திகை மழைக்கும் இடையில் 3, 4 மி.மீ. ஏறி இறங்கும். நீங்கள் ஆடியில் இறுக்கமாப் பூட்டினால் மாரியில் ஒண்டோட ஒண்டு சிக்கும். மாரியில் பூட்டினால் ஆடியில் பல்லிளிக்கும். முழுமரம்தான் வேணும் எண்டால் சட்டம் அடிச்சு, நடுப்பலகையைப் பசை போடாமல் காடிக்குள்ள சும்மா இருக்கவிடுங்கோ. சட்டம் இரண்டரை அங்குல அகலம் காணும். சரிவின்ர உயரமான மூலையில் சட்டம் 55 பாகையில் சேரும், அந்தக் கூர் மூலைக்கு வெறும் பசை நிக்காது, கழுந்து (துளைக்குள்ள பொருந்துற மரநாக்கு) போடச் சொல்லுங்கோ. இல்லாட்டி பிளைவூட்டுக்கு மேல் வேப்பம் விளிம்பு ஒட்டினால் பார்வைக்கும் மரம்தான், ஆட்டமும் இல்லை.

தரை சரிவு எண்டால் ஓடத்தான் செய்யும். முகப்பு அடியில் காந்தப் பூட்டு ஒண்டு சின்னச் சரிவுக்குக் காணும். அரிசிச் சாக்கு ஏத்தின நடு லாச்சிக்கு அது காணாது, ஒரு கொண்டி போடுங்கோ, அதுவும் சின்னப் பிள்ளையள் எட்டாத உயரத்தில். மட்டப்பலகை வைச்சுப் பாருங்கோ. 3 அடிக்கு அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் முன் சில்லுக்கு மேல் ஆப்புக்கட்டை வைச்சுப் பெட்டியை மட்டம் ஆக்கவேணும். இல்லாட்டி முகப்பு முன்னுக்குச் சாய்ஞ்சு நிக்கும்.

முகப்பைக் கடைசியாப் பூட்டுங்கோ. லாச்சி எல்லாத்தையும் உள்ளுக்குத் தள்ளி, முகப்புகளை இருபக்கப் பசை டேப்பில் ஒட்டி, இடையில் 3 மி.மீ. மட்டை வைச்சு இடைவெளி பார்த்து, பிறகு மெல்ல இழுத்து உள்பக்கத்தால் ஸ்குறூ. லாச்சியின் பலகையில் துளையை ஸ்குறூவை விட 3 மி.மீ. பெருசாக்கி வளையம் போட்டால் பிறகு நகர்த்தவும் இடம் இருக்கும்.

காரைநகர்க் காற்று

இரும்புச் சாமான் பற்றி மட்டும். மஞ்சள் நிறத்தில் துத்தநாகம் பூசின ஸ்குறூ எங்கட பக்கம் நிலைக்காது. இணுவில் கடலுக்குக் கொஞ்சம் தள்ளி எண்டாலும் ஊறல் சுவருக்குப் பக்கத்தில் அதே கதிதான். பிணைச்சல், ஸ்குறூ எல்லாம் 304 துருப்பிடிக்காத உருக்கு. பித்தளை ஸ்குறூ பிடிக்கும் எண்டால், அதே அளவு இரும்பு ஸ்குறூவால் முதல் ஒருக்காத் திருகி வழி எடுத்துப்போட்டுப் பித்தளையை இறக்குங்கோ. இல்லாட்டி வேம்புக்குள்ள தலை முறியும். அலுமாரித் தட்டு 33 அங்குலம் ஓடுது, 18 மி.மீ. பலகை பாத்திரப் பாரத்துக்குத் தொய்யும். முன் விளிம்பில் ஒன்றரை அங்குலச் சட்டம் நிமிர்த்தி ஒட்டுங்கோ. உள்பக்கம் முழுக்க வெள்ளை பெயின்ற் அடிச்சால் பூஞ்சணமும் புற்று மண்ணும் தொடங்கேக்கையே கண்ணில் படும்.

சுண்ணக்கல்

இணுவிலான், மண்ணை இப்போதே வெட்டி அத்திவார மட்டத்துக்கு அரை அடி கீழே இறக்குங்கள். பிறகு சுவரின் கெட்ட பூச்சை ஊறல் அடையாளத்துக்கு மேலும் ஒரு அடி வரை கொத்தி எடுத்துவிட்டுக் காயவிடுங்கள். பலகை வெட்டுவதை அவசரப்படுத்தவேண்டாம். ஒரு மாரி முழுதும் சுவரைத் திறந்து வைத்து, மார்கழியில் அந்தப் பொலித்தீனைத் திரும்ப ஒட்டிப் பாருங்கள். உள்பக்கம் காய்ந்திருந்தால் தையில் ஓடாவியைக் கூப்பிடலாம். திரும்ப வியர்த்தால் பீலியையும் பாருங்கள்.